பார்த்துப் பார்த்துச் சேர்த்த கிட்டார், விற்கப் போனால் பாதி விலை

கேள்வி: ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். வார்மோத் என்ற உதிரிபாகக் கம்பெனியின் நெக் (கழுத்துப் பகுதி) 340 டாலர், பெயின்டோடு பாடி (உடல் பகுதி) 390, கம்பி அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சீமோர் டங்கன் பிக்கப் 240, கம்பியை முறுக்கும் ட்யூனரும் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும் 210, ஒயரிங் சாமான் 60, அனுப்பும் செலவு 60, ஃப்ரெட் (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகள்) சமன்செய்து, வாசிக்கத் தோதாகச் செட்டப் பண்ணியவருக்கு 150. ஆக மொத்தம் 1,450. இப்போது 1,200க்கு விற்கலாம் என்றால் ஒருவரும் 600க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்களா?
(எஸ்.ஆர்., நியூ ஜெர்சி)

பதில்: இல்லை. 600 கொஞ்சம் கறார்தான், ஆனால் 1,200 நடக்காது. அவ்வளவு பணத்தோடு கடைக்குப் போகிறவர், மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் ஒன்றைப் புதிதாக, உத்தரவாதத்தோடு வாங்கி, மீதியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த கிட்டாரை நாளைக்கே விற்க வேண்டி வந்தாலும் செகண்ட்ஹேண்ட் விலை என்ன என்பது ஊருக்கே தெரியும். உங்களுடையதற்கு அப்படி ஒரு விலையே கிடையாது. வருகிறவர் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

உங்கள் ரசீதை ஒரு தடவை வாங்குபவரின் கண்ணால் பாருங்கள். அனுப்பும் செலவு 60 போனது போனதுதான். செட்டப்புக்குக் கொடுத்த 150 டாலரும் அப்படியே. அந்த வேலை நன்றாக இருந்தால் கிட்டார் விற்கும், ஆனால் அதற்காக யாரும் 150 கூட்டித் தர மாட்டார்கள். அப்புறம் பெயின்ட். நீங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம் அடுத்தவருக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நெக்கின் பருமனும் அதே கதைதான். உங்கள் கைக்கென்று சொல்லிச் செய்தது அடுத்தவர் கைக்குத் தடிமனாகத் தெரியும். இப்படி ஒவ்வொரு தேர்வும் வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறது.

பாகங்களுக்கு மட்டும் தனி மதிப்பு உண்டு. 1950களில் ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் நெக்கை ஒட்டாமல் நாலு திருகாணியில் பாடியோடு பிணைத்தார். தொழிற்சாலையில் வேகமாகச் செய்யவும், பழுதானால் நெக்கை மட்டும் மாற்றவும் அது வசதி. இந்த வகை கிட்டார்களின் உதிரிபாகச் சந்தையே அந்த நாலு திருகாணியின் மேல்தான் நிற்கிறது. உங்கள் பிக்கப்பும் நெக்கும் ட்யூனரும் ஏற்கெனவே கிட்டார் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால், தனித்தனியாகப் போட்டால் போட்ட காசில் பாதிக்கு மேல் திரும்பும். பாடி விற்கத்தான் நாளாகும். கூட்டிக் கழித்தால் 700 சொச்சம் வரலாம். அதிலும் விற்பனைத் தளத்தின் கமிஷன், பார்சல் செலவு எல்லாம் போக வேண்டும். ஆகவே முழுசாக 650 தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள். 600 என்றால் திருப்புளியை எடுத்துப் பாகம் பாகமாகக் கழற்றி விற்றுவிடுங்கள்.

கேள்வி: அதே மாதிரி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பெயர் எதுவுமில்லாமல் வெறுமையாக இருக்கிறது. ஃபெண்டர் பெயர் போட்ட ஸ்டிக்கர் இணையத்தில் சில டாலருக்குக் கிடைக்கிறதே, ஒட்டினால் விலை ஏறுமா?

பதில்: ஏறும், போலிச் சரக்கு விற்றவர் என்ற பெயரும் கூடவே வரும். விஷயம் இதுதான்: 2009இல் அமெரிக்க வணிகச்சின்ன மேல்முறையீட்டு வாரியம், ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் பாடி வடிவங்களைத் தன் சின்னமாகப் பதியக் கேட்ட ஃபெண்டரின் விண்ணப்பங்களை நிராகரித்தது. அதனால் அமெரிக்காவில் அந்தப் பாடியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெயரும் ஹெட்ஸ்டாக் வடிவமும் அப்படியல்ல, அவை ஃபெண்டரின் சொத்து. வார்மோத் போன்றவர்கள் உரிமம் வாங்கித்தான் அந்த வடிவத்தில் நெக் செய்கிறார்கள், அதுவும் பெயரில்லாமல். வீட்டில் வைத்து வாசிக்க ஒட்டிக்கொள்கிறேன் என்றாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும், அவர் என்ன சொல்லி விற்பார் என்பது உங்கள் பிடியில் இல்லை.

கேள்வி: பிரபல கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' என்ற கிட்டாரும் பாகங்களைச் சேர்த்ததுதானே? அது மட்டும் எப்படி அவ்வளவு விலைக்குப் போனது?

பதில்: சேர்த்ததுதான். 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்களில் மூன்றைப் பிரித்து ஒன்றாக்கினார். 2004இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. விலை கிளாப்டனுக்கு. நீங்களும் அவ்வளவு காலம் அவ்வளவு மேடைகளில் வாசித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், மறுபடி பேசுவோம்.

கேள்வி: இப்படி ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் கிட்டாரை 550 டாலருக்கு வாங்கலாமா என்று பார்க்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: வாங்குகிற பக்கம் நின்றால் இது நல்ல சந்தை. முதல் ஆள் நஷ்டப்பட்டாயிற்று, அந்த நஷ்டம் உங்களுக்கு லாபம். ஆனால் அவர் வாய்மொழியை நம்பாமல், நெக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாடியோடு சேரும் அடிப்பகுதியில், உரிமத்தோடு செய்த நெக் என்றால் தயாரிப்பாளரின் முத்திரை பெரும்பாலும் இருக்கும். காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள். நெக் உட்காரும் குழியில் பக்கவாட்டு இடைவெளி தெரிகிறதா, காகிதமோ மரச்சில்லோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஷிம் எனப்படும் மெல்லிய அடைப்பு ஒன்று இருப்பது குற்றமல்ல. ஆனால் முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் நெக்கின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓட வேண்டும். ஒன்று விளிம்பை விட்டு வழுக்கினால் திருகாணித் துளையையே கோணலாகப் போட்டிருக்கலாம்.

பாடியின் முகப்பில் இருக்கும் தகடான பிக்கார்டைத் திறந்தால், வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள மின்பாகங்களான பாட்களின் முதுகில் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் (CTS) என்ற கம்பெனியின் தயாரிப்பு. பழைய பாட்களில் அதற்குப் பின்னால் வருவது ஆண்டும் வாரமும். 1376633 என்றால் 1966ஆம் ஆண்டின் 33ஆம் வாரம். 'அறுபதுகளின் அசல் ஒயரிங்' என்று சொல்பவரின் கிட்டாரில் வேறு ஆண்டு தெரிந்தால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்கலாம். சால்டர் வைத்த இடங்கள் பளபளப்பாக இருக்கட்டும். மங்கிய உருண்டைகளாக இருந்தால் சேர்த்தவர் அவசரக்காரர், ஃப்ரெட் வேலையிலும் அதே அவசரம் இருக்கும். கடைசியாக ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். கரகரப்பு கேட்கும் இடங்களைச் சரிசெய்ய ஆகும் கூலியை 550இல் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் இடதுகைக்காரி. கடைகளில் எனக்கு ஏற்ற நெக் கிடைப்பதில்லை. நஷ்டம்தான் என்றால் சேர்க்கும் யோசனையை விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். இடதுகை, வழக்கத்துக்கு மாறான நெக் அகலம், துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் மாதிரி கடையில் எளிதில் கிடைக்காத தேவை உள்ளவர்களுக்கு இது சரியான வழி. ஆர்டர் கொடுத்துச் செய்த மரத்தைப் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால், அளவுகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். செலவு உறுத்தினால், ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்டான ஸ்குவையரில் பழைய இடதுகை கிட்டார் ஒன்றை வாங்கி நெக்கையும் பிக்கப்பையும் மட்டும் மாற்றுங்கள். கழற்றிய அசல் பாகங்களைத் திருகாணி உட்பட ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விற்கும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டி ஸ்குவையரை ஸ்குவையராகவே விற்றுவிட்டு, நல்ல நெக்கை அடுத்த பாடிக்கு எடுத்துப் போகலாம்.