ஒன்லைன் பாடத்தில் கம்பஸ் பிள்ளைகளைத் தாமாகப் படிக்கவைப்பது எப்படி?

நீங்கள் புதிதாகப் படிப்பிக்க வந்தவர் போல இருக்கிறது. வீடியோக்களை மூடில் என்ற ஒன்லைன் பாடத் தளத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பீர்கள், சோதனைக்கு முதல்நாள் இரவுதான் எல்லாரும் திறப்பார்கள். சரியா?

யாழ்ப்பாணத்தில் புலமைப்பரிசில் தொடங்கி ஏ.எல். வரை பிள்ளைக்குப் பின்னேரமெல்லாம் ரியூசன். எதை, எப்போது, எந்த வினாத்தாளில் படிப்பது என்பதை வேறு யாரோதான் முடிவெடுப்பார்கள். (ரியூசனே கூடாது என்று சொல்லவில்லை. நானும் அதில் படித்துத்தான் கம்பஸ் போனவன், சண்டைக்கு வராதீர்கள்.) அந்தப் பிள்ளையிடம் திடீரென்று "இனி நீயே படி" என்றால் முழிக்கத்தான் செய்யும். அமெரிக்கப் பேராசிரியர் ஜெரால்ட் குரோ 1991இலேயே தானாகப் படிக்கப் பழகுவதை நான்கு படியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்: ஆசிரியரையே நம்பியிருப்பவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தாலும் பிழை, தானாகப் படிப்பவரை அதட்டினாலும் பிழை.

2020இல் கொரோனாவால் எல்லாம் பூட்டியிருந்தபோது நான் புள்ளிவிபரவியல் எடுத்தேன். கிழமைத் தொடக்கத்தில் எதை, எத்தனை மணிக்கு, எங்கே இருந்து படிக்கப்போகிறீர்கள் என்று வட்ஸ்அப்பில் எழுதச் சொன்னேன். முதலில் எல்லாரும் ஒரே பதிலைக் கொப்பி அடித்தார்கள். பிறகு ஒரு தீவுப்பகுதிப் பிள்ளை "விடிய நாலு மணி, நைட் டேட்டா, கிணற்றடி" என்று எழுதியது. அதுதான் உண்மையான திட்டம்.

கிழமை முடிவில் கொப்பியை மூடிவைத்து நினைவில் உள்ளதை எழுதிப் படம் அனுப்ப வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, இப்படித் தம்மைச் சோதித்தவர்களுக்கே ஒரு கிழமை கழித்துக் கூடுதலாக நினைவிருந்ததாக உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்தால் வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள், அதனால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

கடைசியில்தான் பயிற்சிக்கான தரவைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அவர்களிடம் விட்டேன். உரும்பிராய்ப் பிள்ளை ஒருத்தி தகப்பன் எழுதிவைத்த சின்னவெங்காய விலைகளை எடுத்து, "சேர், இதுக்குச் சராசரியைவிட இடையம்தானே பொருத்தம்?" என்று தானாகக் கேட்டாள். (இடையம் என்றால் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்.) எல்லாரும் அப்படி வந்தார்களா என்றால் இல்லை. சிலர் கடைசிவரை ரியூட் (அச்சடித்த பாடக்குறிப்பு) கேட்டார்கள்.

இதையெல்லாம் செய்யலாம், ஆனால் நீங்களும் விசிட்டிங் (வருகைதரு விரிவுரையாளர்) என்றால் ஒன்று: நான் இருந்த இடத்தில் சூமில் தலை தெரிந்த மணித்தியாலத்துக்கு மட்டும்தான் காசு. இரவிரவாகத் திட்டங்களுக்குப் பதில் எழுதியதற்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் காசும் அடுத்த வருடம்தான் வந்தது, அதுவும் வரவு ஸ்கிரீன்ஷொட் குறைகிறது என்று வெட்டிக்கொண்டு.