யக்கா மலை அணுக்கழிவுக் கிடங்கு: கண்காணிப்பு பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் நெவாடாவில் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்ட யக்கா மலை பற்றி இலங்கையின் கிழக்குக் கரை ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். நிலத்தடி நீர்தான் என் துறை. அதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கல்லடி: கழிவே வராத இடத்தில் எதைக் கண்காணிப்பது, சேர்?

அப்போதுதான் அளக்க வேண்டும், தம்பி. பாறையிலேயே இயற்கையாகக் கதிரியக்கம் உண்டு. கழிவு வந்த பிறகு அளந்தால் எது பாறையுடையது, எது கிடங்குடையது என்று பிரிக்க முடியாது. கிடங்கு தரைக்குக் கீழே சுமார் 300 மீற்றரில், நீர்மட்டம் அதற்கும் சுமார் 300 மீற்றர் கீழே. அதனால் நீர்மட்டம், மழை, தூசி, நில அதிர்வு எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்தார்கள். நீர்மட்டத்தை உங்கள் கிணற்றிலும் அளக்கலாம்: உருக்கு அளவுநாடாவின் நுனியில் சோக்குக்கட்டி தேய்த்து இறக்குங்கள், நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் கிணற்றுக்கட்டின் அதே குறியிலிருந்து அளக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கிணறுகளில் உப்பு எவ்வளவு கூடியது என்று கேட்டார்கள். முந்தைய அளவை எந்த வீட்டில் எழுதி வைத்திருந்தோம்?

அக்கரைப்பற்று: யக்கா மலைக் கண்காணிப்பில் ஆமையையும் ஏன் கணக்கெடுத்தார்கள்?

அங்குள்ள பாலைவன ஆமை 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. வாகன நிழலில் ஒதுங்கும், ஆகவே வண்டியை எடுக்குமுன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பயந்தால் சேமித்த நீரைச் சிறுநீராக விட்டுவிடும், பிறகு தாகத்தில் சாகலாம். கண்டவர்கள் எல்லாம் தூக்கக் கூடாது.

காத்தான்குடி: கிடங்கால் ஒருவருக்குச் சேரும் கதிர்வீச்சுக்குச் சட்ட எல்லை எவ்வளவு?

முதல் 10,000 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 15 மில்லிரெம் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), அதன்பின் 10 இலட்சம் ஆண்டு வரை 100. மலைக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீற்றரில் வாழ்ந்து, தினம் 2 லீற்றர் நிலத்தடி நீர் குடிக்கும் ஒருவரை வைத்துக் கணக்கிடுவார்கள்.

ஏறாவூர்: அந்த ஒருவர் வளர்ந்தவர்தானே? குழந்தைகள்?

ஆம், விதியில் வளர்ந்தவர்தான். குழந்தையைத் தனியே கணக்கிட்டிருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம், தங்கச்சி.

வாழைச்சேனை: 10 இலட்சம் ஆண்டுக்குப் பிறகும் அதே உணவு, அதே வாழ்க்கையா? நம்பவே முடியாது!

நம்பச் சொல்லவில்லை. எதிர்கால மனிதரை இஷ்டப்படி கற்பனை செய்ய விட்டால், திட்டக்காரர் தண்ணீரே குடிக்காத ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார். அதைத் தடுக்கத்தான் இன்றைய மக்களின் பழக்கத்தை விதியில் கட்டி வைத்தார்கள். இதில் நான் அசைய மாட்டேன்.

களுவாஞ்சிக்குடி: திட்டம் ஏன் நின்றது?

பெரும்பாலும் அரசியல். அமெரிக்க எரிசக்தித் துறையினர் 2008 இல் உரிமம் கேட்டார்கள், 2010 இல் விண்ணப்பத்தை மீளப்பெற முயன்றார்கள், 2011 இல் நிதி நின்றது. நிலமும் நீர் உரிமையும் கையில் வரவில்லை. நெவாடா மாநிலம் 2000 இலேயே தண்ணீர் தர மறுத்துவிட்டது.

பாண்டிருப்பு: கூடங்குளக் கழிவு இங்கே வருமா?

இந்தக் கேள்வி பதிலில் அதற்குள் போகவில்லை, அணுசக்தி ஒழுங்குபடுத்தலுக்கான அரச நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்.

திருக்கோவில்: எங்கள் கரையில் இல்மனைட் (தைத்தானியம் எடுக்கும் கனிமம்) அகழ்வு என்றால் என்ன கேட்பது?

முதல் அளவு எங்கே என்று கேளுங்கள். கனிய மணலில் மொனசைட் என்ற கனிமம் இருந்தால் அதில் கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கும். இயந்திரம் இறங்குமுன் கரையின் கதிர்வீச்சையும் கிணற்று நீரையும் எந்தத் தேதியில், எந்தக் கருவியால் அளந்தார்கள்? சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல 30 நாள்தான். தமிழ்ப் பிரதியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.