கணினிக் கேள்வி பதில்: பதினொன்றா, பன்னிரண்டரையா, பதின்மூன்றா?

கேள்வி: ஐயா, விடியற்காலையில் பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதிவிட்டு, பிறகு பேருந்து ஏறித் தர்மபுரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மாலை வரை வேலை பார்க்கிறேன். இரண்டு இடத்துக்கும் எடுத்துச் செல்ல, பழையதானாலும் பரவாயில்லை, ஒரு சிறிய லேப்டாப் வேண்டும். டாலி என்ற கணக்கு மென்பொருளும் எக்செலும் ஓட வேண்டும். ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்) போன்றவற்றை நானே கழற்றி மாற்றிக்கொள்ளவும் ஆசை. 11.6, 12.5, 13.3 அங்குலத் திரைகளில் எதை வாங்கலாம்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: கடைக்காரர் சொல்லும் அங்குலம் திரையின் மூலைக்கு மூலை அளவு. கணக்கு எழுதும் உங்களுக்கு அதைவிடத் திரையின் உயரமே முக்கியம், ஏனெனில் ஒரே பார்வையில் எத்தனை வரிகள் தெரியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 16:9 வடிவத் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) திரைகளில் 11.6 அங்குலத்துக்கு உயரம் ஏறத்தாழ 14.4 செ.மீ., 12.5-க்கு 15.6 செ.மீ., 13.3-க்கு 16.6 செ.மீ. வரும். 2008-ஐ ஒட்டி வந்த 12.1 அங்குல லேப்டாப்களில் திரை 16:10 வடிவத்தில் இருந்ததால், பெயரில் சிறியதாக இருந்தும் அவற்றின் உயரம் 16.3 செ.மீ. ஆகும். பின்னாளில் வந்த 12.5 அங்குலத் திரையைவிட இது அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

11.6 அங்குலத்தை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அளவில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள் மட்டுமே கொண்டவை, அதாவது குறைந்த தெளிவுடையவை. அவற்றில் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் கழற்றி மாற்ற வழியில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். திறந்து மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பன்னிரண்டரை அங்குல அலுவலக லேப்டாப்கள் மிகவும் பிடித்தமானவை, அது நியாயமும்கூட. 2012-இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230-இல் இரண்டு ரேம் இடங்களும், ஒரே திருகைக் கழற்றி மாற்றக்கூடிய வட்டும் உண்டு. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் முறைப்படி ஏற்கப்படுகிறது, அதற்கு முந்தைய எக்ஸ்230-க்கு அதில் இடமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போதும் என்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. டாலி விண்டோஸில் ஓடும் மென்பொருள் என்பதாலும், பிறருடைய கணக்கு உங்கள் கையில் இருப்பதாலும், பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் தலைமுறையில் வந்த 12.5 அங்குலத் திங்க்பேட் எக்ஸ்280-இலோ ரேம் பற்றவைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே, எச்பி எலைட்புக் 830 ஜி5 போன்ற 13.3 அங்குல லேப்டாப்பைத் தேடுங்கள். எட்டாம் தலைமுறைச் செயலி, இரண்டு ரேம் இடங்கள், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. பன்னிரண்டரையைவிடத் திரை அகலம் 1.8 செ.மீ. மட்டுமே கூடுதல், பேருந்தில் மடியில் வைக்கும் பைக்கு அது பெரிய வேறுபாடு இல்லை. திரை 1920 × 1080 புள்ளிகள் கொண்டதாகவும், பளபளப்பற்ற மேட் பூச்சுடையதாகவும் இருக்கட்டும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல்தானா என்பதைக் கடைவாசலின் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். திறந்த மண்டிக் கொட்டகையில் மங்கலான திரை கண்ணை வருத்திவிடும். தமிழில் ணி, ழ, ளை போன்ற எழுத்துகள் சிறு அளவில் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் எழுத்தளவை 125 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுகள் எதிலும் தனி எண் விசைகள் இருக்காது. யுஎஸ்பி எண்பலகை ஒன்றைச் சேர்த்து வாங்கினால் உங்கள் விரல்கள் நன்றி சொல்லும்.

கேள்வி: என்னிடம் உள்ள 12.5 அங்குல லேப்டாப்பில் 1366 × 768 திரை இருக்கிறது. ஃபுல் எச்டி (1920 × 1080) பேனல், அதாவது திரைப்பலகை, போட முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: முதலில் கேபிளைப் பாருங்கள். 2012-ஐ ஒட்டிய லேப்டாப்களில் பேனலுக்குச் செல்வது எல்விடிஎஸ் என்ற பழைய வகை இணைப்பு. திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 போன்றவற்றில் ஃபுல் எச்டி வேண்டுமென்றால் தாய்ப்பலகையில் தனிச் சிறுபலகை ஒன்றைப் பற்றவைக்க வேண்டும், அது பழகிய கைக்கான வேலை. பிறகு வந்தவற்றில் இடிபி என்ற புதிய வகை இணைப்பு இருப்பதால் வேலை எளிது. ஆயினும் குறைந்த புள்ளித் திரையோடு வந்த கேபிளில் ஒரே ஒரு தரவுத்தடம் மட்டும் இருக்கக்கூடும், ஃபுல் எச்டிக்குப் பொதுவாக இரண்டு வேண்டும், அப்போது கேபிளையும் மாற்ற நேரிடும். பழைய பேனலின் பின்புறச் சீட்டிலுள்ள மாடல் எண், பின்களின் எண்ணிக்கை, திருகுக் காதுகள் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போவதானால் பழைய பேனலையே கையில் எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. எதைத் தொடுவதற்கு முன்பும் சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பையும் பிரித்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது பேனல் கேபிளைச் செருகினால் பின்னொளிக்கான ஃபியூஸ் போய்விடக்கூடும், போனால் புதுப் பேனலும் இருட்டாகவே இருக்கும்.