கறுத்த பல்லெல்லாம் புதைபடிவம் ஆகாது

பந்திங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மோரிப் கடற்கரையில் நீர் வற்றியிருந்த வேளையில், கன்னங்கரேலென்று விரல் நீளத்தில் ஒரு பல்லைக் கண்டெடுத்தாராம். அதன் மேற்பரப்பில் பிறை பிறையாக வரிகள் இருக்கின்றனவாம். தோட்டத்துக்கு வந்துபோகும் தரகர் ஒருவர் அது லட்சம் ஆண்டுப் பழைய பல் என்று சொல்லி, 300 ரிங்கிட் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருவதாகக் கூறுகிறார், நம்பலாமா என்று கேட்கிறார்.

நம்ப வேண்டாம் அம்மா. பல்லையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மாட்டின் கடைவாய்ப் பல். அசைபோடும் விலங்குகளின் பல்லில் கெட்டியான மேற்பூச்சு மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கியிருக்கும்; மேயும்போது நடுவிலுள்ள மென்மையான பகுதி முதலில் தேய்ந்துவிட, மடிப்பின் விளிம்புகள் பிறை வடிவத்தில் மேடாக நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். ஆட்டின் பல்லும் இதே அச்சுதான், அளவில் சிறியது. முனியாண்டி கோயில் பூசைக்கு வெட்டிய கிடாயின் பல்லை ஒருவர் டைனோசர் பல் என்று என்னிடம் கொண்டுவந்ததுண்டு. பன்றியின் கடைவாய்ப் பல்லில் பிறைக்குப் பதில் குமிழ்கள் இருக்கும். முதலைப் பல் கூம்பாக, அடியில் குடைவாக இருக்கும்.

நிறம் எதையும் நிரூபிக்காது. காற்றுப் புகாத சேற்றில் உள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே புதுப் பல்லையும் கரியாக்கிவிடும். செம்பனைக்கு அடியில் மேய்ந்த மாடு செத்து, அதன் எலும்பு வாய்க்கால் வழியாக லங்காட் ஆற்றுக்குப் போய், அங்கிருந்து கடலுக்கு வந்து சேர்வது சாதாரணம்.

தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. சான்றிதழ் என்று அவர்கள் தருவது அச்சுக்கடைக் காகிதம். மேற்கு ஜாவாவின் சுராடே வட்டாரத்தில் கிடைக்கும் ராட்சதச் சுறாவின் பற்களில் உடைந்த வேரைப் பசையால் ஒட்டவைத்து விற்பவர்களும், காட்டுப்பன்றிக் கொம்பைப் புலிப்பல் என்று தாயத்தில் கோத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அது உண்மையான புலிப்பல்லாகவே இருந்தாலும் நிலைமை இன்னும் மோசம்: 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விற்றவரோடு வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்.

ஒரே ஒரு விலக்கு உண்டு; அதை விரிவாகவே சொல்கிறேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் அடித்தளம் அப்போது விலங்குகள் நடமாடிய தரை. ஆகவே, கடலடியிலிருந்து வாரிக் கொண்டுவந்து கொட்டிய மணலில் உண்மையான புதைபடிவம் இருக்கக்கூடும். இந்தோனேசியாவின் மதுரா நீரிணையில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாரிய மணலைக் கொட்டிய மேட்டில் 6,000க்கும் மேற்பட்ட முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்கள் கிடைத்தன. அவற்றில் ஆதிமனிதனின் மண்டையோட்டுத் துண்டுகளும் இருந்தன. எனவே, பல் கிடைத்த இடம் இயற்கையான கரையா, கொட்டிய மணலா என்று அக்கம்பக்கத்து மீனவர்களிடம் கேட்டுவிடுங்கள். கொட்டிய மணல் என்றால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். நான் சொன்னதை மறுபடி பார்க்கிறேன்.

பழையதா என்று சோதிக்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துவதும் வினிகரில் ஊறவைப்பதும் வேண்டாம்; வினிகர் புதுப் பல்லையும் பழம்பல்லையும் ஒன்றுபோலவே அரிக்கும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பு இறங்கியபின் நிழலில் உலர்த்துங்கள். பக்கத்தில் ஓர் ஐம்பது சென் நாணயத்தை வைத்து மேல், பக்கம், வேர் என்று மூன்று படம் எடுங்கள். உங்கள் படத்தில் நாணயமும் இல்லை, வேரும் தெரியவில்லை.

பழையது என்று நம்பக் காரணமுள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட அதிகாரிக்காவது தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டம். தெரிவித்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் வேதனை. நான் ஒப்படைத்த ஒரு தாடைத் துண்டு நான்கு மாதம் மேசை விட்டு மேசை மாறி, கடைசியில் "இது எங்கள் பிரிவு இல்லை" என்ற குறிப்போடு என்னிடமே திரும்பியது. ஆகவே படங்களை மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கும் அனுப்புங்கள். 2012இல் பகாங் பாறையில் கிடைத்த 23 மில்லிமீட்டர் டைனோசர் பல்லை ஆராய்ந்து 2014இல் அறிவித்தவர்கள் அவர்கள்தான்.