தீக்கோடு போடத் தரகர் எதற்கு?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காடு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கின்றன. நிழலுக்கு சில்வர் ஓக். தகரக் கூரை வீடு தோட்டத்தின் மேல்மேட்டில் இருக்கிறது. கீழ் எல்லையைத் தாண்டினால் ரிசர்வ் காடு. போன மாசியில் தீ எங்கள் வேலி வரை வந்துவிட்டது. "தீத்தடுப்புக் கோடு போட அனுமதி வாங்க வேண்டும், நாற்பதாயிரம் ஆகும், ஓரத்து மரங்களை எனக்குக் கொடுத்துவிட்டால் பணமே வேண்டாம்" என்கிறார் ஒரு தரகர். "தை பிறந்ததும் எல்லைப் புல்லை நாமே கொளுத்திவிடலாம்" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வீட்டில் நடக்க முடியாத மாமியார் இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள் அம்மா. தரகர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் தீயை விட அவர்தான் உங்கள் வாசலுக்கு முன்னதாக வந்து நிற்கிறார்.

உங்கள் பட்டா நிலத்தில் புல் அறுக்கவும், சருகு வாரவும், உண்ணிச்செடிப் புதரை வெட்டி அகற்றவும் ஒருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. தீக்கோடு என்பது அவ்வளவுதான். அனுமதி தேவைப்படுவது மரத்துக்கு. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. தரகர் குறி வைப்பது உங்கள் சில்வர் ஓக் மரங்களை. தீக்கோடு என்ற பெயரில் எல்லையோரம் இரண்டு வரிசையைச் சாய்த்து லாரியில் ஏற்றிவிடுவார். நாளை விசாரணை வந்தால் பட்டாவில் இருப்பது உங்கள் பெயர். அவருடைய செல்பேசி அணைந்து கிடக்கும். மலையோரத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படி வனத்துறை அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைவதைப் பார்த்துவிட்டேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் அவர் இரண்டாம் முறை வருவார். செத்த மரத்தையும் தானாக விழுந்த மரத்தையும் அகற்ற இந்தச் சட்டம் தடையாக இல்லை. வழக்கமான கவாத்துக்கும், அதாவது கிளை கழிப்பதற்கும், தடையில்லை. ஆகவே போன ஆண்டுத் தீயில் அடிப்பட்டை கருகிய மரங்களைக் காட்டி, "இவையெல்லாம் செத்த மரங்கள்தானே" என்பார். கருகியதெல்லாம் செத்தது ஆகாது. கத்தி நுனியால் பட்டையை ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அது உயிருள்ள மரம். ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் மறுபக்கத்தையும் சுரண்ட வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்; நடு மரத்திலிருந்து துளிர் வெடிப்பது உண்டு. சுற்றிலும் எங்கே சுரண்டினாலும் பழுப்பும் உலர்வுமாக இருந்தால்தான் செத்த மரம். அப்போதும் நிற்கிற நிலையில் நான்கு பக்கமும் படம் எடுத்து, வனச்சரகருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதன் பிறகே கோடாரி வைக்க வேண்டும். அடிப்பட்டையை வளையமாகச் செதுக்கி மரத்தைச் சாகடித்துவிட்டு "செத்த மரம்" என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் எல்லையில் அப்படி ஒரு வளையத்தைப் பார்த்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். தாமதித்தால் செதுக்கியவர் நீங்கள் என்றாகிவிடும்.

அடுத்து, பக்கத்துத் தோட்டக்காரர். புல்லைக் கொளுத்திக் கோடு போடுவது வனத்துறையே செய்கிற முறைதான். ஆனால் அவர்கள் ஆட்களை வரிசையாக நிறுத்தி, காற்றுப் பார்த்துச் செய்வார்கள். உங்கள் சரிவில் காலையில் அசையாமல் இருக்கும் காற்று, வெயில் ஏறியதும் பள்ளத்திலிருந்து மேலே கிளம்பும். எட்டு மணிக்கு அடங்கிக் கிடந்த நெருப்பு பதினொரு மணிக்கு வேறு நெருப்பாகிவிடும். அது ரிசர்வ் காட்டுக்குள் போனால் 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம், உங்கள் மேல்தான் வழக்கு. கொளுத்தவே கொளுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியது அரிவாள் வேலை. கீழ் எல்லையில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும், ஏனென்றால் தீ மேல்நோக்கி ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்துபோனார்கள். உங்கள் வீடு இருப்பது மேல்மேடு. சமதள நிலத்துக்குப் பத்தடி அகலக் கோடு போதுமென்றால் உங்கள் சரிவுக்கு முப்பதடி வேண்டும். முப்பதடியையும் வெறும் மண்ணாகக் கொத்திவிடாதீர்கள், ஐப்பசி மழையில் மண் இறங்கிவிடும். நடுவில் மூன்றடி மட்டும் மண் தெரியச் சுரண்டினால் போதும். மீதியில் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு அறுத்து வெளியேற்றுங்கள். அறுத்ததை அங்கேயே குவித்து வைப்பவர்கள் தீக்குத் தாங்களே விறகு அடுக்குகிறார்கள்.

காப்பிக்கு மூடாக்கு வேண்டும், சருகை வாரினால் ஈரம் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான். உள்தோட்டத்தில் சருகு கிடக்கட்டும். எல்லைத் தீக்கோட்டிலும் வீட்டைச் சுற்றியும் மட்டும் வாருங்கள். சில்வர் ஓக் கோடையில்தான் இலையைக் கொட்டும் என்பதால், தையில் ஒரு முறை வாரியதோடு நிறுத்தாமல் சித்திரை வரை பத்து நாளைக்கு ஒருமுறை வார வேண்டும். புல்வெட்டும் இயந்திரம் வைத்திருந்தால் பனி ஈரம் காய்வதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். நடுப்பகலில் அதன் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறி ஒன்று போதும்.

வீடுகள் பெரும்பாலும் பறந்து வரும் பொறியில்தான் எரிகின்றன, தீச்சுவர் நேரே வந்து மோதி எரிபவை குறைவு. ஏணி வைத்து ஏறித் தகரக் கூரையின் மடிப்பைப் பாருங்கள். இரண்டு தகடுகள் சேரும் பள்ளத்திலும், மழைநீர் வடியும் தகர வாய்க்காலிலும் இறகு இறகாக சில்வர் ஓக் சருகு அடைந்திருக்கும். கையில் எடுத்தால் பொடியும். பொறி விழுந்தால் கனன்று, கூரைக்குக் கீழிருக்கும் மரச்சட்டத்தைப் பிடிப்பது அங்கிருந்துதான். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துகளில் மெல்லிய கம்பிவலை அடியுங்கள். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகு, வைக்கோல், காப்பித் தோல் குவியல், பழைய சாக்கு எல்லாம் முப்பதடி தள்ளிப் போகட்டும்.

காட்டுப் பக்கத்து எல்லையில் தீக்கோடு போட வேண்டியது வனத்துறை. அதைப் பற்றி என்னத்தைச் சொல்ல! புல் காய்வது தையில், பல இடங்களில் கோடு சுரண்ட ஆள் வருவது பங்குனியில். நிதி வரவில்லை என்பார்கள், வந்தால் ஆள் இல்லை என்பார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத் தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்டியது. அந்தச் செலவில் எத்தனை மலைக்கு எத்தனை ஆண்டு புல் அறுத்திருக்கலாம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இருந்தாலும் கார்த்திகையிலேயே வனச்சரக அலுவலகத்துக்கு மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் செல்பேசி எண்ணைப் பதிந்தால் செயற்கைக்கோள் பார்க்கும் தீயைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார்கள். காசு கிடையாது, கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் செயற்கைக்கோள் நாளைக்குச் சில முறைதான் கடக்கிறது. அதை மட்டும் நம்பித் தூங்க முடியாது.

மாமியார் விஷயத்தில் ஒரே பேச்சு. கீழ்ப்பள்ளத்தில் புகை தெரிந்தால், தீ தெரியும் வரை காத்திருக்காமல் அவரை ஜீப்பில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் விடுங்கள். மாசி முதல் சித்திரை வரை ஜீப்பைச் சாலையைப் பார்த்துத் திருப்பியே நிறுத்துங்கள். 101 அல்லது 112க்குச் சொல்லிவிட்டு, காஸ் சிலிண்டரை மூடி, மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நைலான் சேலை வேண்டாம், உருகி உடம்பில் ஒட்டும், பருத்தி கட்டிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மாட்டிக்கொண்டால் ஓடை வழியாக மேலே ஏறாதீர்கள், புகைபோக்கி போல அது தீயை இழுக்கும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்குப் பக்கவாட்டில் நகருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, காப்பீடு. 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியில் காட்டுத் தீ சேர்ந்திருக்கிறது. அது வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் மட்டும். காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் ஒரு காசு கிடைக்காது. "தோட்டத்துக்கும் சேர்த்துத்தான்" என்று முகவர் சொன்னால் பாலிசித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். கட்டணத்தை நிறுவனத்தின் பெயருக்கே செலுத்துங்கள், அவர் கையில் கொடுக்காதீர்கள்.