தூண்டில் இரையால் பாசி படருமா?

கேள்வி: விடுமுறை நாள்களில் மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போடுவது என் பொழுதுபோக்கு. கெண்டை மீன்கள் கூடுவதற்காக இரண்டு கிலோ தவிட்டையும் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உருண்டைகளாக வீசுவேன். தண்ணீர் பச்சை படர்ந்து நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: மிகச் சிறிய காரணம், ஆனாலும் காரணம்தான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்த நீர்த்தேக்கத்தைப் பச்சையாக்குபவை பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலக்கும் நீரும், நீர் வற்றியபோது உழுது பயிரிட்ட நிலங்களில் இட்ட உரமும்தான். அவற்றோடு ஒப்பிட உங்கள் உருண்டைகள் கைப்பிடி அளவே. ஆனால் கோடையில் நீர் வடிந்து, கரையோரம் குட்டைகளாகத் தேங்கி நிற்கும் இடத்தில் அந்தக் கைப்பிடியும் கணக்கில் சேரும்.

நன்னீரில் பாசியின் பெருக்கத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாஸ்பரஸ். 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகத் தடுத்து, இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒருபுறம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டுமே பச்சையாயிற்று.

ஒரு கிலோ தவிட்டில் ஏறத்தாழ 15 கிராம் பாஸ்பரஸ் உண்டு. புண்ணாக்கில் 6 கிராம் அளவு. ஆக நீங்கள் வீசுவது சுமார் 36 கிராம். இரண்டு கிலோ மீனை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அதனுடன் வெளியேறுவது பத்துக் கிராமுக்கும் குறைவே. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டால் அதுவும் இல்லை. எஞ்சியது அடிச்சேற்றில் சிதைந்து மெல்ல நீரில் கரையும். ஒரு கிராம் பாஸ்பரஸ், உலர்ந்த எடையில் 100 கிராமுக்கு மேல் பாசியை வளர்க்க வல்லது.

ஆகவே வீசுவதை இரண்டு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச மாவை வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள். கொக்கியில் கோக்கும் மண்புழுவால் கேடில்லை.

தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்குவது பெரும்பாலும் இழைப்பாசி. பச்சைச் சாயம் பூசியதுபோல் குச்சியில் படிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அதன் நச்சு மீனின் ஈரலிலும் குடலிலும் சேரும், கொதிக்கவைத்தாலும் அழியாது. அன்று தூண்டிலைப் பிரிக்காமலே திரும்பிவிடுங்கள்.