அட்சுமி கியோஷி வேறு, டோரா-சான் வேறு: கேள்வி பதில்

இன்று முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். ஜப்பானிய நடிகர் அட்சுமி கியோஷி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். டோரா-சான் என்பது அவர் நடித்த பாத்திரம், ஊர் ஊராய்ச் சுற்றிச் சாமான் விற்கும் நாடோடி. அந்த டோரா-சான் படங்கள் 48ஐயும் பார்த்தவன் என்பதுதான் என் தகுதி.

பழைய கேசட்: யார் சார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாக வராது. 1928இல் டோக்கியோவின் உயேனோ பக்கம் பிறந்தவர். இயற்பெயர் டடோகோரோ யசுவோ. அசகுசாவில் 'பிரான்ஸ்-ஸா' என்று ஒரு கொட்டகை. அங்கே ஜனம் வருவது ஆடை அவிழ்ப்பு ஆட்டம் பார்க்க. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே மேடையேறி, 'நீ ஏன்டா வந்தே' என்று பார்க்கிற கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். அட்சுமி தொழில் பழகியது அப்படிப்பட்ட இடத்தில்.

1954 வாக்கில் காசநோய். வலது நுரையீரலை எடுத்துவிட்டார்கள், இரண்டு வருடம் சானடோரியம் வாசம். அப்புறம் என்எச்கே டிவியில் முகம் தெரிந்தது. 1963இல் 'ஹைகேய் டென்னோ ஹெய்கா-சாமா' என்ற படத்தில், பட்டாளத்தில் மூன்று வேளைச் சோறு கிடைக்கிறதே என்று மகிழ்ந்துபோகும் ஏழைச் சிப்பாய். போர் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து சக்கரவர்த்திக்கே கடிதம் எழுத உட்காருவான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டை அடைக்கும்.

ராத்திரி ஷோ: எந்தப் படத்தில் தொடங்குவது?

1969இல் வந்த முதல் படம். பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடிய டோரா, இருபது வருடம் கழித்துச் சொந்த ஊரான டோக்கியோ ஓரத்து ஷிபாமாட்டாவுக்குத் திரும்புகிறான். தங்கை சகுராவைப் பெண் பார்க்கும் விருந்தில் குடித்துவிட்டு, சீன எழுத்துகளைப் பிரித்து மேய்ந்து மூத்திரம், மலம் என்று விளக்கம் சொல்வான். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. தயவுசெய்து கடைசியான 48வது படத்தில் தொடங்காதீர்கள்.

சேலத்துக்காரன்: டோரா டிவியில் செத்துப்போனாராமே?

நல்ல கேள்வி. முதலில் இது ஃபூஜி டிவி தொடர். 1968 அக்டோபரில் தொடங்கி 26 வாரம் ஓடியது. கடைசி வாரத்தில் ஹாபு என்ற விஷப்பாம்பைப் பிடித்துக் காசு பார்க்கலாம் என்று அமாமி தீவுக்குப் போகிறான், பாம்பு கடித்துச் சாகிறான். அவ்வளவுதான், டிவி நிலையத்துக்கு வசவு மழை. 'எங்க டோராவை எப்படிடா கொல்லலாம்?' தொடரை எழுதிய யமாடா யோஜி ஷோச்சிக்கு சினிமா கம்பெனியில் படமாக எடுத்து அவனுக்கு உயிர் கொடுத்தார்.

இன்னொன்று கவனியுங்கள். 1995 டிசம்பரில் வந்த 48வது படம் எங்கே போய் நிற்கிறது? காகெரோமா தீவில். அமாமிக்கு எதிர்க்கரை, அங்கும் ஹாபு உண்டு. முதல்முறை செத்த கடலோரத்துக்கே கடைசியில் திரும்பி வருகிறான். அதனால்தான் 48இல் தொடங்காதே என்கிறேன்.

கேள்விக்குறி: எல்லாம் ஒரே இயக்குநரா?

46 யமாடா. மூன்றும் நான்கும் வேறு ஆட்கள்.

மொட்டைமாடி: சாமுராய் படங்களில் வாள் சுழற்றும் மிஃபுனே தோஷிரோவா, இவரா, யார் பெரிய நடிகர்?

மிஃபுனேவுக்கு வேறு ஆளைப் பாருங்கள். இங்கே வாள் கிடையாது. வயிற்றில் கம்பளிப்பட்டை, கை நுழைக்காமல் தோளில் போர்த்திய கட்டம்போட்ட கோட்டு, கையில் பெட்டி, அவ்வளவுதான்.

தனிக்கட்டை: டோராவுக்கு ஏன் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை?

ஆகியிருக்கும். 15வது படத்தில் (1975) சகுரா கேட்கும்போது பாடகி லில்லி சரி என்றே சொல்லிவிடுகிறாள். இவன்தான் 'விளையாட்டுக்குத்தானே சொன்னே?' என்று கேட்டுக் கெடுக்கிறான். அவளும் 'ஆமாம், விளையாட்டுக்குத்தான்' என்று கிளம்பிவிடுகிறாள். அட, அந்தப் படத்தில் முலாம்பழச் சண்டை இருக்கிறதே!

பந்தியில் கடைசி: அதைத்தான் கேட்க வந்தேன். ஒரு துண்டு பழத்துக்கு வளர்ந்த ஆள் இப்படிக் கத்தலாமா?

நம்மூர் தள்ளுவண்டிக் கிர்ணி என்று நினைக்காதீர்கள். அங்கே அது பெட்டியில் வரும் விலையுயர்ந்த பரிசு. வந்ததே டோராவின் சிநேகத்தால். தலைக்கு ஒன்றாக வெட்டும்போது அவனைக் கணக்கில் விட்டுவிட்டார்கள். அவன் உள்ளே நுழைந்ததும் ஆளாளுக்குத் தன் எச்சில் துண்டை நீட்டுகிறார்கள். கோபம் பழத்துக்கா? 'இந்த வீட்டில் நான் ஒரு தலையா இல்லையா' என்பதற்கு.

பந்தியில் கடைசி: வருடத்தில் பாதி நாள் ஊரில் இல்லாதவனை யார் எண்ணுவார்கள்? லில்லி திட்டினது நியாயம்.

லில்லி சொன்னது நியாயம்தான். உன்னை மாதிரி ஊர்சுற்றியை இவ்வளவு அன்போடு சேர்த்துக்கொள்ளும் வீடு வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாள். அவளும் வீடில்லாதவள், அதனால் சொல்லலாம். நீங்களும் நானும் சொல்லக் கூடாது.

மாமியார் வீடு: தப்பு டோராவின் சித்திமேல். வெட்டுகிறவர்தான் எண்ண வேண்டும்.

ஒத்துக்கொள்கிறேன்.

ராத்திரி ஷோ: சண்டை எப்படி முடிகிறது?

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மழை வருகிறது. டோரா குடையோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறான். என்னைக் கூப்பிட வந்தாயா என்று லில்லி கேட்டால், சும்மா நடக்க வந்தேன் என்கிறான். ஒரே குடையில் திரும்புகிறார்கள். அட்சுமியின் முகத்தை அங்கே பாருங்கள். வசனம் பொய் சொல்லும், தோள் உண்மை சொல்லும்.

புதுவரவு: கல்யாணம் ஏன் ஆகவில்லை?

மேலே படியுங்கள்.

புதுவரவு 2: எதில் தொடங்கலாம்?

மேலே. 48 வேண்டாம்.

கிராமபோன்: நிஜத்திலும் அவர் இப்படித்தானா?

இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. டோரா ஊரையே கூட்டிப் பேசுவான், அட்சுமி தன் வீட்டை யாருக்கும் காட்டாதவர். ஃபூட்டன் என்ற புனைபெயரில் ஹைக்கூ எழுதியவர். 1977இல் துப்பறியும் கிண்டைச்சியாக நடித்த படம் நன்றாக ஓடியும் ஜனம் டோராவைத்தான் கேட்டது. 42வது படத்திலிருந்து காதல் கதை டோராவின் தங்கை மகன் மிட்சுவோவுக்குப் போனது, இவர் உடம்பு தளர்ந்துவிட்டதால். கடைசிப் படங்களில் டோரா எத்தனை காட்சியில் உட்கார்ந்தே பேசுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

1996 ஆகஸ்ட் 4இல் புற்றுநோயால் இறந்தார், வயது 68. எரித்து எலும்பான பிறகுதான் வெளியே சொல்ல வேண்டும் என்று வீட்டாரிடம் கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள். செய்தி தெரிந்தபோது உடம்பு இல்லை.

பழைய கேசட்: சார், மன்னிக்கணும், நேற்றே 48 பார்த்துவிட்டேன்.

சரி, விடுங்கள். இன்று ராத்திரி 15 பாருங்கள். பழம் வெட்டும்போது தலையை எண்ணுங்கள்.